முதல் அறிகுறி

"ரெண்டு நாளா ஆளே மாறிட்டாரு டாக்டர். காய்ச்சலும் அடிக்குது," என்றாள் வங்கி மேலாளரின் மனைவி.

"கத்துறாரா? கோபப்படுறாரா?"

"கத்தினா நான் எதுக்கு இங்க கூட்டிட்டு வரப்போறேன்?"

முதுகுத்தண்டு நீரைச் சோதித்ததில் மூளை அழற்சி என்று தெரிந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். அவள் கட்டிலை விட்டு நகரவில்லை.

மயக்கத்தில் கிடந்த மேலாளர் பத்தாம் நாள் கண் விழித்தார். "எருமை மாதிரி என்னடி நிக்கிற? தண்ணி எடு!"

டாக்டர் திடுக்கிட்டார். "இன்னும் தெளியல போலிருக்கே..."

"பூரணமா குணமாயிட்டாரு டாக்டர்." கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முப்பது வருஷமா இப்படித்தான். அன்னிக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'நீ சாப்பிட்டியா?'ன்னு கேட்டாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, மூளையில ஏதோ கோளாறுன்னு."