அப்பா தூங்கிய நாள்

"உங்கப்பா மட்டும் அன்னைக்குத் தூங்காம இருந்திருந்தா, இந்த ஷோகேஸ்ல பெரிய கோப்பையா ஒண்ணு நின்னிருக்கும்."

அம்மா இதைச் சொல்வது முதல் தடவையல்ல. மகள் புகுந்த வீட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். அப்பா வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் வம்பு என்று அவருக்குத் தெரியும். தவிர, சொல்வது உண்மைதானே.

"விடும்மா, எத்தனை வருஷத்துக் கதை," என்றாள் மகள். "அந்த ஸ்கேட்டிங் அரங்கத்தை இடிக்கப் போறாங்களாம். சுவத்துல மாட்டியிருந்த போட்டோவையெல்லாம் அவங்கவங்களுக்கே குடுத்துட்டாங்க."

பையிலிருந்து சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

ஜூனியர் ஐஸ் ஸ்கேட்டிங்கில் அவள் கண்டது மூன்றே போட்டிகள். முதலாவதில் கடைசி இடம். இரண்டாவதில் வெண்கலம், தெருவே திரண்டு வந்து பார்த்தது. மூன்றாவதில் ஆடவே இல்லை.

அப்பா அப்போது இரவு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். டிப்போவில் பஸ்ஸை விட்ட கையோடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல், மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குப் பறப்பார். அவர் கண் அசந்துவிடக் கூடாதென்று அவள் வழியெல்லாம் விடுகதை போடுவாள். அப்படியும் ஒருநாள் கார் பாலத்துச் சுவரை உரசிவிட்டது. "அம்மாகிட்ட மூச்சு விடாதே," என்றார். அவளும் விடவில்லை. ஆனாலும் அந்தக் குளிரும் விடுகதையும் இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு இனிக்கும்.

ஸ்கேட்டிங் ஷூவின் பிளேடு மழுங்காமலிருக்க, வெளியே நடக்கும்போது பிளாஸ்டிக் கவர் மாட்டியிருப்பார்கள். கவரோடு ஐஸில் கால் வைத்தால், எண்ணெய் கொட்டிய தரையில் நடந்த கதைதான். பதற்றத்தில் பிள்ளைகள் கழற்ற மறந்துவிடும். அதனால் ஐஸில் இறங்கும் கதவருகே நின்று, "கவர்?" என்று கையை நீட்டுவது அப்பாவின் வேலை.

மூன்றாவது போட்டியன்று கேலரியில் உட்கார்ந்தவர் அப்படியே உறங்கிப்போனார். கூச்சல் கேட்டு விழித்தபோது மகள் ஐஸில் கிடந்தாள். இரண்டு காலிலும் கவர்.

மணிக்கட்டு முறிவு. கட்டுப் பிரித்ததும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள். "பயமா இருக்கு, இனி வேணாம்," என்றுவிட்டாள். பெற்ற பெண்ணின் காலைத் தன் தூக்கமே வாரிவிட்டது என்று அப்பா உள்ளுக்குள் வெந்தார். அதற்குப் பிறகு அந்த அரங்கத்துப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

"எப்ப எடுத்ததுடி இது?" என்றாள் அம்மா.

"கடைசிப் போட்டியிலம்மா. என்னை மைக்ல கூப்பிட்டாங்களே, அப்போ."

"மூக்கும் முழியுமா எப்படி இருக்கா பாருங்க. இருங்க, சுத்தியலும் ஆணியும் எடுத்துட்டு வரேன்."

அம்மா உள்ளே போனாள். அப்பா படத்தைக் கண்ணருகே கொண்டுவந்தார். நீல உடையில், திறந்த கதவருகே மகள். அவள் பார்வை ஐஸின் மேல் இல்லை, கேலரியின் மேல் இருந்தது. அங்கே படத்தின் மூலையில், யூனிபார்மோடு வாயைப் பிளந்துகொண்டு ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா கண்ணைத் தாழ்த்தினார். அவள் காலில் பிளேடு பளபளத்தது. இரண்டு கவர்களும் அவள் கையில் இருந்தன.

"கழட்டிட்டியேம்மா..." படத்தை அவள் பக்கம் திருப்பினார். "கையில வெச்சிருக்கியே. அப்புறம் எப்படி விழுந்தே?"

மகள் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, படத்தின் மூலையில் இருந்த தூங்குமூஞ்சியை விரலால் தொட்டாள்.

"உங்களை எழுப்ப மனசு வரலைப்பா. இனிமேலாவது நீங்க தூங்கணும்னுதான் திரும்ப மாட்டிக்கிட்டேன்."