சிவப்புக் கோடு

பேரனின் தொப்புள்கொடி ரத்த அணுக்களை எலிக்குள் வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பிரமநாயகம் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். மகளை ஒதுக்கிவைத்தது வேறு. குடும்பத்து ரத்தம் எலிக்குள் ஓடுவது வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையப்போனவரை, அங்கே வேலைபார்க்கும் மருமகன் ஜெயசிங் கைநீட்டி மறித்தான்.

“சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க மாமா. எலிக்குச் சொந்தமா எதிர்ப்புச் சக்தி கிடையாது. நம்ம பய அணுக்கள் இப்பதான் உள்ள வளருது. உங்க மேல இருக்க தூசி பட்டாலே போயிரும்.”

“என் மேல தூசியா?”

“யார் மேலயும்தான்.”

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எலி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“எங்க ரத்தம் அதுக்கு ஒத்துக்கிடுச்சாக்கும்?”

“ஒத்துக்கிடுச்சு. எலி குலம் கோத்திரம் கேக்கலையே மாமா.”

கத்தத்தான் வந்திருந்தார். ஆனால் குழந்தை பிறந்த சேதியோடு வந்த இவனை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, அதன் பின்னாலேயே நின்றது நினைவுக்கு வந்தது.

“பிள்ளை யாரு ஜாடை?”

“சாத்துன கதவைப் பாத்து அன்னைக்கே சொன்னேனே மாமா, உங்க ஜாடைன்னு. கேக்கலையா?”

அன்றே கேட்டிருந்தது. பிரமநாயகம் குனிந்து, கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த தன் கால் பெருவிரலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.