வீட்டுக்காரர்

“பூட்டுக்கு மாசச் சந்தாவா?”

பூட்டுக்காரர் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். முப்பது வருடமாகப் பூட்டுத் திறக்கிறார். இப்படி ஒன்றை இதுவரை காதால் கேட்டதில்லை.

“ஆமாங்க. ஃபோன்லயோ விரல் வெச்சோ திறக்கணும்னா மாசா மாசம் கட்டணும். ஒரு மாசம் விட்டுப்போச்சு போல. இப்ப நான் யாருன்னே அதுக்குத் தெரியல” என்றார் வீட்டுக்காரர்.

நாலாவது மாடி. நண்பகல். வீட்டுக்காரர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். கையில் ரொட்டியும் பாலும் வாங்கிய பை. நிதானமான பேச்சு. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் அவர் விரலை வைக்கும்போதெல்லாம் சிவப்பு எழுத்து வந்தது: உங்களுக்கு அனுமதி இல்லை.

பூட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. சொந்த வீட்டு வாசலில் ஒரு மனிதரைப் பிச்சைக்காரன் மாதிரி நிற்க வைத்திருக்கிறதே, ஒரு டப்பா.

ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வீட்டு வரி ரசீதையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே பேர், ஒரே கதவு எண். ஓர் எழுத்துப் பிசகில்லை.

“உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“யாருமில்லைங்க.”

எப்போதும் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். அன்றைக்குக் கோபத்தில் அது விட்டுப்போயிற்று.

பையைத் திறந்தபோது வாயும் திறந்துகொண்டது. அவர் வீட்டு பிரிண்டர், வேறு கடையில் வாங்கிய மையை ஊற்றினால் அச்சடிக்க மாட்டேன் என்கிறது. மகள் ஃபோனுக்கு பேட்டரி மாற்றப் போனால் புது ஃபோன் விலையில் பாதியைக் கேட்கிறார்கள். இதோ, கையில் இருக்கிற டிரில்லுக்குக்கூட அதே கம்பெனி பேட்டரியைத்தான் போட்டாக வேண்டும். காசு நம்முடையது, பிடி அவனுடையது. அப்புறம் விற்கிறேன் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? வாடகைக்கு விடுகிறேன் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“காசு போட்டவன் சொல்றதைக் கேக்கணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.”

“நல்லாக் கேட்டீங்க” என்று பூட்டுக்காரர் கண்ணாடிக்குக் கீழே டிரில்லை வைத்து அழுத்தினார்.

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

ஏழு நிமிடம் பிடித்தது. நடுவில் டிரில் ஊசி ஒன்று ஒடிந்து, வேறு மாற்றினார். இரும்பு கதறிய கதறலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. கடைசியில் பூட்டு கொத்தாகக் கழன்று கையோடு வந்தது. சிவப்பு எழுத்து அணைந்தது.

“முடிஞ்சுது. உங்க வீடு, உங்க கதவு” என்று சொல்லிக்கொண்டே தள்ளினார்.

கதவு இரண்டு விரல் அகலம் திறந்து, நின்றுவிட்டது.

மறுபடியும் தள்ளினார். அசையவில்லை. இடுக்கில் வெள்ளையாக ஒரு தகடு தெரிந்தது. அங்கே சுவர் இருக்க வழியில்லை. முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார்.

ஃபிரிட்ஜ். வாசலுக்குக் குறுக்கே நின்றது. அதன் விளிம்பைப் பற்றியபடி நாலு விரல்கள்.

“பூட்டுல ஒரு கோளாறும் இல்லைங்க” என்றது ஒரு பெண்குரல், மூச்சோடு மூச்சாக. “எங்க வீட்டுக்காரர் பேரை அதுலேருந்து எடுத்ததே நான்தான். போலீசுக்குச் சொல்லிட்டேன். அவங்க வர்ற வரைக்கும் கதவைச் சாத்திப் பிடிச்சுக்கங்கண்ணே.”

பூட்டுக்காரர் மெதுவாகக் கீழே பார்த்தார். பூட்டு இருந்த இடத்தில் முஷ்டி நுழைகிற ஓட்டை. அவர் போட்ட ஓட்டை.

“நகருங்க” என்றார் வீட்டுக்காரர். குரலில் மரியாதை குறையவில்லை. பையைத் தரையில் பதமாக வைத்தார், பால் சாய்ந்துவிடாமல். “இது என் வீடு.”

அவர் வீடுதான். அதைத்தான் அட்டையும் ரசீதும் வாங்கிச் சரிபார்த்திருந்தாரே.

பூட்டுக்காரர் கதவை இழுத்துச் சாத்தினார். திரும்பி, ஓட்டையை முதுகால் அடைத்துக்கொண்டு சாய்ந்து நின்றார்.

முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று அவருக்கு நினைவில்லை. லிஃப்ட் கதவு திறந்து இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்தபோதும் அவர் முதுகு கதவிலிருந்து விலகவில்லை.

வீட்டுக்காரரைக் கீழே இறக்கிக்கொண்டுபோய் வண்டியில் இருந்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். அப்போதும் கதவு திறந்தபாடில்லை. ஃபிரிட்ஜை உள்ளேயிருந்து இழுக்க அவளுக்குத் தெம்பில்லை. போலீஸ்காரர்கள் இரண்டு பேரும், உதடு கிழிந்த பூட்டுக்காரரும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு அது நகர்வதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார்கள்.

அவர் துளை போட்ட ஏழு நிமிடத்தில், சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் அதை அவள் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

இடது கையில் மாவுக்கட்டு. போட்டு ஒரு நாள்கூட ஆகியிருக்காது. ஈரம் இன்னும் காயவில்லை.