பகலில் ஓடிய மீட்டர்

மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஷோபனா சந்தோஷத்தில் இன்னும் நெருங்கி வந்து பார்த்தாள்.

அகப்பட்டுக்கொண்டது திருட்டு!

மணி பகல் பன்னிரண்டு. வேலை பார்க்கும் மருந்துக்கடையில் தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஓனர் இரக்கப்பட்டுக் கொடுத்த மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, திருத்தணியின் வேகாத வெயிலில் நடந்தே வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

விவகாரம் இதுதான். இரண்டு மாதத்துக்கு நானூறு யூனிட்டைத் தாண்டாத வீட்டில் இந்த முறை ஐந்நூற்று இருபது. ரீடிங் எடுத்தவர் தெருமுனை தாண்டுவதற்குள் மாமனார் துளசிங்கம் தீர்ப்பு சொல்லிவிட்டார்: ஏ.சி.

பிரசவத்துக்கு அம்மையார்குப்பம் போயிருந்த ஷோபனா, மூன்று மாதக் கைக்குழந்தையோடு திரும்பியபோது அவள் அப்பா சீராக அனுப்பிய ஏ.சி. அது. வந்து சரியாக இரண்டு மாதம்.

"ஒண்ணாந்தேதி மெக்கானிக்க வரச்சொல்லு. கழட்டி அவங்க அப்பன் வூட்டுக்கே அனுப்பு."

துளசிங்கம் கரும்பு போடுகிற ஆள். தறிக்காரர் வீட்டில் பெண் எடுக்க அவருக்கு இஷ்டமே இல்லை. மகன் எழிலன் பிடித்த பிடிவாதத்தில் அட்சதை போட்டதோடு சரி. பேத்தியைக்கூட இதுவரை கையில் வாங்கியதில்லை.

கொடுத்த சீர் திரும்பி வந்தால் அப்பா ஊரில் எந்த முகத்தோடு நடப்பார்? ஷோபனாவுக்கு நெஞ்சு கொதித்தது. பயந்து பயந்து வாரத்தில் ஒரு நாள் போட்ட ஏ.சி. மேல் இவ்வளவு பெரிய பழியா?

அன்றைக்கே அதன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். கடைக்குக் கிளம்பும்போது ஒரு தரம், திரும்பி வந்ததும் ஒரு தரம் மீட்டரைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். எட்டு நாளில் விஷயம் பிடிபட்டுவிட்டது. ராத்திரியெல்லாம் மீட்டர் சாது. பகலில்தான் ஓடுகிறது. அதுவும் அவள் வீட்டில் இல்லாத பகலில் மட்டும்.

மீட்டருக்குக் கீழே நான்கு சுவிட்சுகள். ஒவ்வொன்றாக அணைத்தாள்.

கூடம். விளக்கு சிமிட்டியது.

படுக்கையறை. சிமிட்டியது.

சமையற்கட்டு. ஃப்ரிட்ஜே நின்றுவிட்டது, அப்போதும் அது அடங்கவில்லை.

கடைசியாகப் பின்கட்டு. அணைத்தாள். விளக்கு அடங்கியது.

கூடவே ஒரு சத்தமும் நின்றது.

டக்கு டக்கு என்று ஒரு சத்தம். நின்ற பிறகுதான், இவ்வளவு நேரம் அது கேட்டுக்கொண்டிருந்ததே அவளுக்கு உறைத்தது. தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழுவதில்லை. நின்றால்தான் தூக்கிவாரிப் போடும்.

தறியா? இந்த வீட்டில் ஏது தறி?

அடுத்த நொடி உள்ளே குழந்தை வீறிட்டது.

அவசரமாக நான்கு சுவிட்சையும் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். வாசற்படியிலேயே கால் நின்றுவிட்டது.

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிரையருக்குள் துணி இல்லை. நனைத்த கோணிச்சாக்கு ஒன்று மட்டும் ஒரு பக்கமாகக் கிடந்து சுற்ற, மெஷின் மொத்தமும் சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து டக்கு டக்கு என்றது. பக்கத்தில் சேலையில் கட்டிய தூளி. தூளியை ஒரு கையால் ஆட்டியபடி, மறு கையால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்றுபோகும் டிரையரின் திருகைத் திருப்பிவிட்டுக்கொண்டு, முதுகு காட்டி நின்றார் துளசிங்கம்.

"வந்துடுச்சி கண்ணு, கரண்ட் வந்துடுச்சி. நீ தூங்கு ராசாத்தி."

குழந்தை அடங்கிவிட்டது.

ஓரமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த மாமியார் ஞானம்மாள், மருமகளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

"தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்த புள்ள. இங்க நிசப்தமா கீதேன்னு ஒரே அழுக. இவருதான் இதைக் கண்டுபுடிச்சாரு. ரெண்டு மாசமா நீ அந்தாண்ட போனதும் இதே கூத்துதான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

நாற்பது வருஷம் இலவச கரண்டில் கழனி மோட்டார் ஓட்டிய மனுஷன். மோட்டாருக்கெல்லாம் பில் வரும் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது. ஷோபனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை சந்தோஷமாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து எழிலன் போன் அடித்தான். அவள் மீட்டரைக் கண்காணிப்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். கண்டுபிடித்துவிட்டாயா என்று கேட்டான்.

"ஆங். எங்கம்மா வூட்லேர்ந்து நான் எடுத்துகினு வந்ததுதான் கரண்ட இழுக்குதுங்க. ஆனா திருப்பி அனுப்ப முடியாது. உங்க நைனாவே வுடமாட்டாரு."

எழிலன் எதையோ கேட்க ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

குரல் கேட்டுத் துளசிங்கம் திரும்பினார். தூளிக் கயிற்றைச் சட்டென்று விட்டார். வேட்டியை இறக்கிவிட்டார், தொண்டையைச் செருமினார், கூரையைப் பார்த்தார். போக வழியில்லை, வாசற்படியில் மருமகள் நிற்கிறாள்.

கடைசியில் மெஷினைப் பார்த்தபடியே கேட்டார்.

"சத்தம் உங்க வூட்டு தறி மாரியே இருக்குதாம்மா?"

ஷோபனா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நிஜமாகவே யோசித்தாள்.

"பத்தாது மாமா. எங்க வூட்ல ரெண்டு தறி. இன்னொரு சாக்கு போடுங்க."