மார்கிரட் வீட்டு பிரஷ்

மார்கிரட் வீட்டில் ஒரு வெள்ளைக்காரி கக்கூஸ் கழுவுகிறாள் என்ற செய்தி தேயிலைத் தோட்ட ஊரான மஸ்கெலியாவின் கடைத்தெருவுக்கு எட்ட ஒரு பகல்கூட ஆகவில்லை.

“அந்தக் காலத்துல பங்களாவுல வெள்ளைக்கார தொரசாணிக்கு நம்ம ஆளுக கழுவுனாங்க. மார்கிரட்டு இப்ப திருப்பி வாங்குது” என்று ரொட்டிக் கடையில் யாரோ சொல்ல, கடையே சிரித்தது.

பக்கத்து வீட்டு சர்மிளாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நியாயம் கேட்க நேரே வந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். சிவனொளிபாதமலைக்கு வருகிறவர்கள் தங்க, மார்கிரட் வீட்டுக்குப் பின்னால் சில அறைகள் உண்டு. துபாயில் இருக்கும் மகள் றொசானா அனுப்பிய பணத்தில் கட்டியவை. மலை ஏற வந்த அந்த வெள்ளைக்காரி லூசியாவுக்கு ஊர் பிடித்துவிட்டது, ஆனால் கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. படுக்க இடமும் சாப்பாடும் தந்தால் என்ன வேலையும் செய்கிறேன் என்றாள். போர்த்துகலிலிருந்து இப்படித்தான் ஊர் ஊராக வந்திருக்கிறாளாம்.

பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் போயிற்று என்று மார்கிரட் நினைத்தாள். லூசியாவோ மறுநாள் காலையிலேயே வாளியும் பிரஷுமாகப் பாத்ரூமுக்குள் புகுந்துவிட்டாள்.

சர்மிளா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

“ஏங்க்கா, நம்ம றொசானாவும் வெளிநாட்டுலதான இருக்கா? அவளுக்கு அங்க ஆபிஸ்ல ஏசி ரூம்ல வேல. நம்மள நம்பி வந்த புள்ளைக்கு இங்க கக்கூஸா?”

தன் மகன் நிரோஷன் கட்டாரில் சூப்பர்வைசராக இருப்பதையும் கூடவே சொன்னாள். எந்தப் பேச்சிலும் அதை நுழைக்க அவளுக்குத் தெரியும்.

மார்கிரட் கூனிக் குறுகிப் போனாள். றொசானாவின் ஆபிஸ் வேலையைச் சர்ச் வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சொன்னவளே அவள்தான்.

அந்த ஆபிஸ் பற்றி அவளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. துபாய் போன புதிதில் றொசானா ஒருநாள் போனில், கக்கூஸில் மஞ்சள் கறை பிடித்தால் நீங்கள் என்ன போடுவீர்கள் என்று கேட்டாள். தன் ரூமுக்கு என்றாள். அப்பச்சோடா போடச் சொன்ன மார்கிரட், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

எழுந்து போய் லூசியாவின் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து லூசியாவின் போன் அடித்தது. வீடியோ காலில் அவளுடைய அம்மா.

லூசியா எதையும் மறைக்கவில்லை. போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, பிரஷைத் தூக்கிக் காட்டினாள். தேய்த்துப் பளபளத்த இடத்தையும் காட்டினாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு லூசியா மார்கிரட்டை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி என்னவோ சொன்னாள். எனக்கு இடம் தந்தவர் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா கைகூப்பினார்.

அந்த முகத்தில் துளி வெட்கமாவது இருக்கிறதா என்று மார்கிரட் தேடினாள். இல்லை. அங்கே நின்றவர்களில் வெட்கப்பட்டது அவள் ஒருத்திதான்.

சர்மிளாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது மார்கிரட்டின் போனும் அடித்தது. றொசானா. வழக்கம்போல வெள்ளைச் சுவர், சிரித்த முகம், சட்டைக் காலர். அதற்குக் கீழே எப்போதும் எதுவும் தெரியாது.

வேறு நாளாக இருந்தால் மார்கிரட் போனைப் பெருமையோடு சர்மிளாவிடம் நீட்டியிருப்பாள். இன்றைக்கு லூசியாவிடமிருந்து பிரஷை வாங்கிக்கொண்டு பாத்ரூம் வாசலில் போய் நின்றாள்.

“பாரு புள்ள, அம்மா கக்கூஸ் கழுவுறேன். இந்த ரூமுங்கள கட்டுன நாள்லருந்து நாந்தான் கழுவுறேன். வேலைக்கு ஆள் வச்சிருக்கேன்னு ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

றொசானா சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“நீ செய்யிற வேலையையும் காட்டு புள்ள. அம்மாவுக்கு வெக்கமா இருந்துச்சு. இனி இல்ல.”

போனில் படம் ஆடியது. மெல்லக் கீழே இறங்கியது. காலருக்குக் கீழே நனைந்த ஏப்ரன், முழங்கை வரை ரப்பர் கையுறை. பிறகு போன் திரும்பியதும், ஏதோ பெரிய ஹோட்டலின் கக்கூஸ் கதவுகள் வரிசையாகத் தெரிந்தன.

“நீங்க சொன்ன அப்பச்சோடாவத்தாம்மா இன்னமும் போடுறேன்” என்றாள் றொசானா. சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள். மார்கிரட்டும் அழுதாள்.

பேசி முடித்துத் திரும்பியபோதுதான் சர்மிளாவின் ஞாபகம் வந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். இனி கடைத்தெருவுக்கு இதுவும் போய்விடும். போகட்டும் என்று மார்கிரட் நிமிர்ந்து பார்த்தாள்.

சர்மிளா கிட்டே வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

“அக்கா, எங்க நிரோஷனும் மூஞ்சிய மட்டுந்தான் காட்டுறான்.”