கால் அளவு

பழைய விமான நிலையத்தையும் பக்கத்தில் எழும்பும் புதியதையும் ஒரு பலகைத் தடுப்புதான் பிரிக்கிறது. அந்தப் பக்கம் துளைபோடும் இயந்திரம் அதிர, இந்தப் பக்கம் அறிவிப்புக் குரல் ஒன்றுமே நடக்காததுபோல விமானங்களை அழைத்துக்கொண்டிருக்கிறது. தடுப்பின் அடியில் கசியும் வெள்ளைத் தூசியை அவள் துடைக்கத் துடைக்க, அது மறுபடி படிகிறது. வழி தினமும் மாறுவதால், தரையில் ஒட்டிய அம்புக்குறிகளை நம்பாமல், மாப்பும் கையுமாக நிற்கும் அவளையே பயணிகள் கேட்கிறார்கள். தன் வேலை என்னாகும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகும் துப்புரவு ஆட்களில் தன் பெயர் உண்டா என்று ஒரு வாரமாக யாரையும் கேட்காமலே இருக்கிறாள். கேட்காதவரை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாதல்லவா?

மேற்பார்வை பார்க்கும் மேடம் தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். ஒரு கீற்று வெயிலும் கூடவே வந்து தரையில் விழுகிறது. "உன் கால் அளவு என்ன?" "எதுக்கு மேடம்?" "புதுத் தரை கண்ணாடி மாதிரி வழுக்குது. அங்க வர்ற எல்லாருக்கும் ஷூ. இந்த ரப்பர் செருப்போட வந்தா முதல் நாளே என் மேலதான் விழுவே." அளவு அவளுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, மேடம் விரித்த காகிதத்தின்மேல் நிற்கிறாள். பேனா காலைச் சுற்றி வர, கூசுகிறது. உதட்டைக் கடித்தும் சிரிப்பு வெளியே வந்துவிடுகிறது. "ஆடாதேடி!" அந்நேரம் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் ஓடி வருகிறார். "அம்மா, ஏழாம் வாசல் எங்க?" வழக்கமாகக் கூடவே நடந்துபோய்க் காட்டுவாள். "நேரா போய் இடது பக்கம் திரும்புங்க சார். நான் இப்போ நகர முடியாது," என்கிறாள், சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி.