ஒழுங்காகக் கேட்ட கேள்வி

“கேள்விய அழிச்சுட்டாங்க மச்சான்.”

லோடுமேன் டேப்லெட்டை நீட்டினான். அவன் மனைவியின் அண்ணனான ஸ்டோர்கீப்பர், தன் மூச்சுப் புகையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

‘அவசரம். கதவு திறக்கல. சீக்கிரம் சொல்லுங்க’ என்று அவன் எழுதியது காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் குழு நிர்வாகியின் பதில்: ‘எந்தக் கதவு, என்ன பழுது என்று சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி? மறுபடி இப்படிக் கேட்டால் குழுவிலிருந்து நீக்கப்படுவீர்கள்.’

சனிக்கிழமை மதியம் அது. மீன் கம்பெனியின் குளிர் அறையில் கடைசிப் பெட்டியை இறக்கி வைக்க இருவரும் நுழைந்தபோது கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கும் குமிழ் சும்மா சுற்றியது. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை வரை ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

உள்ளே போன் கொண்டுவரக் கூடாது என்பது கம்பெனி சட்டம். சட்டத்தைப் போட்ட புண்ணியவானே ஸ்டோர்கீப்பர்தான். மிச்சம் இருந்தது, வெப்பநிலை பதிய சுவரில் மாட்டியிருந்த இந்தப் பழைய டேப். சிம் கிடையாது, கம்பெனி வைஃபை மட்டும்தான். கம்பெனி பெயரில் சேர்ந்திருந்த குளிர்பதன மெக்கானிக்குகளின் குழுவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலாளி பூட்டி வைத்திருந்தார்.

“பேட்டரி சிவப்புக்கு வந்துடுச்சு மச்சான். இன்னொரு தடவை கேக்கலாம், அவ்வளவுதான்.”

“குடு இங்க. மெக்கானிக் எல்லாம் வேலைவெட்டி இல்லாம உக்காந்திருக்காங்களா மாப்பிள்ளை? எந்தக் கதவு, என்ன கோளாறு, நாம என்ன பண்ணிப் பார்த்தோம், எல்லாத்தையும் சொன்னாதான் பதில் வரும்.”

“எனக்கு ஒண்ணு ஆயிட்டா உங்க தங்கச்சி என்ன பண்ணுவா? நிறைமாசம்.”

“வாயக் கழுவு. கதவுல இருக்கிற அந்த நேம்பிளேட்டப் படி.”

அவன் நகத்தால் பனியைச் சுரண்டிப் படித்தான். ஸ்டோர்கீப்பர் விறைத்த விரல்களை ஊதி ஊதித் தட்டினார். உயிர் ஊசலாடும்போதும் அவருக்கு ஒற்றுப்பிழை பொறுக்காது. இரண்டு முறை திருத்தினார்.

‘ஐயா, வணக்கம். எங்கள் குளிர் அறையின் கதவு திறக்கவில்லை. கதவின் மாடல் எண்ணைக் கீழே கொடுத்துள்ளேன். தாழ்ப்பாள் குமிழ் சுற்றுகிறது, கொக்கி விலகவில்லை. அறையின் வெப்பநிலை மைனஸ் இருபது. ரப்பர் ஓரத்தில் பனி கட்டியிருக்கிறது. தள்ளியும் பெட்டியால் இடித்தும் பார்த்துவிட்டோம். என்ன செய்யலாம்? நன்றி.’

“பயமா இருக்குன்னு ஒரு வரி போடுங்க மச்சான்.”

“ஒப்பாரி வெச்சா திரும்ப அழிச்சுடுவான்.”

கேள்வி போய்ச் சேர்ந்தது. இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டோர்கீப்பர் நின்றுவிட்டார்.

“குதிங்க மச்சான். நிக்காதீங்க.”

“கால் இருக்கிறதே தெரியலடா.” அவர் குரல் உடைந்தது. “எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

அவரை அப்படி அவன் பார்த்ததே இல்லை. குனிந்து அவர் கால்களைப் பரபரவென்று தேய்த்தான்.

‘டிங்.’

“படிடா, படி.”

“‘இவ்வளவு ஒழுங்கான கேள்வியை இந்தக் குழுவில் நான் பார்த்ததே இல்லை’ன்னு ஒரு மெக்கானிக் போட்டிருக்கார் மச்சான்.”

“பார்த்தியா? மேல படி.”

“‘குமிழுக்குள் இருக்கும் இரும்புப் பின் உடைந்திருக்கிறது. வெளியிலிருந்து எளிதாகக் கழற்றிவிடலாம். உங்கள் கம்பெனி இருக்கும் தெருவில்தான் என் ஒர்க்‌ஷாப்பும் இருக்கிறது.’”

ஸ்டோர்கீப்பர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். “பொழச்சோம் மாப்பிள்ளை. இந்தத் தெருதானாம். இப்ப வந்துடுவான்.”

லோடுமேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தான். பாதியில் அவன் குரல் இறங்கியது.

“‘நீங்கள் பதறாமல் கேட்டிருப்பதிலேயே உள்ளே ஆள் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. கதவு மூடியிருக்கும்வரை சரக்கு கெடாது. நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள், திங்கட்கிழமை காலையில் வந்து திறக்கிறேன்.’”

அவன் அவசர அவசரமாகப் பதில் தட்டத் தொடங்கியபோது டேப் அணைந்தது.